அத்தை வீட்டு மூன்று நாற்காலிகள்: சென்னையில் எட்டு நாள்

நாள் 1, சனி

தாம்பரத்திலேயே பாதிப் பெட்டி காலியாகிவிட்டது. எழும்பூரில் இறங்கி ஒரு காபியைக் குடித்துவிட்டுப் புரசைவாக்கம் தாணா தெருப் பக்கம் ஆட்டோ பிடித்தேன். பாளையங்கோட்டையிலிருந்து எட்டு நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருப்பது மூன்று பழைய நாற்காலிகளுக்காக என்று அலுவலகத்தில் சொல்லவில்லை. “சொந்தத்துல ஒரு காரியம்” என்றேன். பொய்யும் இல்லை.

அத்தை போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கையெழுத்தாகிவிட்டது. போன மாதம் அத்தான் போனில், “ஏல, வேணுங்கிறத வந்து எடுத்துக்கோ. பழைய சாமான்காரன் மொத்தமா கேக்கான்” என்றார். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னிடம் பேசும்போது மட்டும் அவருக்கு நெல்லைப் பேச்சு வந்துவிடும்.

மாமா பெரம்பூர் பின்னி மில்லில் கணக்கர். வெள்ளைக்காரர்கள் ஊரைப் பார்க்கப் போகும்போது விட்டுப்போன சாமான்கள் மவுண்ட் ரோடு பக்கம் ஏலத்துக்கு வருமாம். அங்கே எடுத்ததுதான் மூன்றும். ஒன்று, கை இல்லாத சின்ன தேக்கு நாற்காலி, இருக்கை பிரம்புப் பின்னல். நடுவில் ஒரு தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. இரண்டாவது, ஈசிச்சேர். சட்டம் மட்டும் இருக்கிறது, துணி மக்கிப்போய்விட்டது. மூன்றாவதுதான் ராஜா. ஸ்பிரிங் வைத்த சோபா நாற்காலி. நான் சின்னப் பையனாக இருந்தபோது அதில் மாமா தவிர யாரும் உட்காரக் கூடாது. பிறகு எப்போதோ ஒரு கடையில் கொடுத்து அரக்குக் கலர் ரெக்சின் போட்டு வாங்கியிருக்கிறார்கள். இப்போது உட்கார்ந்தால் ஆள் உள்ளே போய்விடுகிறார், எழுந்தால் பேண்ட்டில் மஞ்சள் பொடி.

“அது ஃபோம், தம்பி. பத்து வருசமா கொட்டுது. தினமும் நான்தான் கூட்டுறேன்” என்றார் மதினி.

மதியம் மூன்று குஷன் கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே பதில். “சட்டம் நல்லா இருக்கு சார். உள்ளே இருக்குற குப்பைய எடுத்துட்டுப் புது ஃபோம் போட்டு அடிச்சிடலாம். சாயங்காலம் வாங்கிக்கலாம்.” எனக்கு அந்தக் குப்பைதான் வேண்டும் என்று சொன்னதும் மூன்று இடத்திலும் ஒரே பார்வை. கடைசிக் கடையில் தைத்துக்கொண்டிருந்த பையன் மட்டும் வெளியே வந்து, “சூளையில ஒரு பாய் இருக்காரு. அவரு இந்த மாதிரி கிறுக்கு வேலையெல்லாம் செய்வாரு” என்று வழி சொன்னான்.

நாள் 2, ஞாயிறு

பாய்க்கு வெள்ளிதான் விடுமுறை. ஞாயிறு காலை ஒன்பதுக்கே பட்டறை திறந்திருந்தது. பட்டறை என்பது ஒரு கார் நிற்கும் இடம், மேலே தகரம். வயது எழுபது இருக்கும். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் இருந்த கறுப்புத் துணியை ஒரு ஓரம் கிழித்து உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இது ரிப்பேர் இல்ல சார். போத்தி வெச்சிருக்கான்.”

அடுத்த இரண்டு மணி நேரம் அவர் பிரித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேலே ரெக்சின். அதற்குக் கீழே பொடியாகிப்போன ஃபோம். அதைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்தால், அடியில் ஒரு பழைய பூப்போட்ட துணி, ஆணி பிடுங்காமல் அப்படியே இருக்கிறது! முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவில் இரண்டு கொண்டை ஊசி, ஏழெட்டுப் புளியங்கொட்டை, ஓர் அறுகோண 3 பைசா. 1967 என்று அச்சு. பாய் காசைக் கழுவி என்னிடம் கொடுத்தார். புளியங்கொட்டை யாருடைய பல்லாங்குழியிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

பூத்துணிக்குக் கீழே காடாத்துணி, அதன் கீழே கறுப்பாக ஒரு மெல்லிய அடுக்கு. ஒரு இழையைப் பிடுங்கி பாய் தீக்குச்சி காட்டினார். தலைமுடி கருகும் நாற்றம். “குதிரை முடி. நார்னா பேப்பர் மாதிரி எரியும்.” அதற்கும் கீழே சாக்கு போட்டுத் தைத்த தேங்காய் நார், அப்புறம் இன்னொரு சாக்கு, அதன் அடியில் ஒன்பது ஸ்பிரிங். ஸ்பிரிங் எல்லாம் லேசாகத் துருவேறியிருந்தாலும் அழுத்தினால் எம்புகிறது. நார் தட்டையாகிக் கிடந்ததே தவிர மக்கவில்லை. கெட்டது எதுவென்றால், ஸ்பிரிங்கைத் தாங்கும் சணல் பட்டைகள். அடியில் குறுக்கும் நெடுக்கும் பின்னியிருப்பார்களே, அது. ஐந்தில் மூன்று அறுந்து தொங்கியது.

அடியில் பட்டை அறுந்ததால் இருக்கை இறங்கியிருக்கிறது. அந்தக் கடைக்காரர் அடியைப் பார்க்காமல், இறங்கின பள்ளத்தை மேலே ஃபோம் போட்டு நிரப்பியிருக்கிறார். கூரை ஒழுகினால் தரையில் பாய் விரிக்கிற மாதிரி.

ஆனால் அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஒழுங்காக வேலை செய்கிறேன் என்று ஸ்பிரிங்கையும் நாரையும் தூக்கிப் போட்டிருந்தால் இன்று பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

பின்னங்கால் மூட்டுகள் ஆடின. அவை பழைய வஜ்ரம் போட்டு ஒட்டியவை. மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி வைத்தால் இளகிவிடும். ஒரு தட்டுத் தட்டினார், கழுந்து சுத்தமாகக் கழன்று வந்தது. இடது முன்னங்காலை மட்டும் யாரோ வெள்ளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அது இளகவில்லை. எவ்வளவோ பொறுமையாகச் செய்தும் கடைசியில் ‘படக்’ என்று மரம்தான் விட்டது, பசை விடவில்லை. ஒரு விரல் நீளச் சிம்பு. பாய்க்கு முகமே சுருங்கிவிட்டது. “மரத்தவிட பலமா ஒட்டுறது பெருமையா சார்? பிரிக்கிறவன் ஒருத்தன் வருவானேன்னு நினைக்க வேணாமா?”

சாயங்காலம், வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்துப் புது வஜ்ரம் காய்ச்சினார். நேராக அடுப்பில் வைத்தால் கருகிப் பசை போய்விடுமாம். தெருவே நாறியது. எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைச் சாத்தினார். மூட்டுகளைப் பூட்டி, கயிறு சுற்றி, கயிற்றுக்குள் ஒரு கட்டையைக் கொடுத்து முறுக்கி வைத்தாகிவிட்டது. நாளை வரைக்கும் தொடக் கூடாது.

நாள் 3, திங்கள்

பசை காயட்டும் என்று டவுனுக்குப் போனேன். பாய் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்: சணல் பட்டை, சணல் கயிறு, சாக்கு, காடா, அரை அங்குல ஆணி, அவலரக்கு, ஸ்பிரிட்.

முதலில் ரத்தன் பஜார். ஆட்டோக்காரர், “ரத்தினம் வித்த இடம் சார், அதான் ரத்தன் பஜார்” என்றார். ரத்தினம் இல்லை, ராட்டன், அதாவது பிரம்பு. மலாய்க்காரர்களின் ‘ரோத்தான்’தான் ஆங்கிலத்துக்குப் போய் அப்படி ஆனது. மலேசியத் தமிழர்கள் இன்றும் வாத்தியார் கையில் இருக்கும் பிரம்பை ரோத்தான் என்றே சொல்வார்கள். இதையெல்லாம் ஆட்டோக்காரரிடம் விளக்கினேன். “ஓகே சார்” என்றார். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். பிரம்பு ஒரு துண்டுகூட என் கண்ணில் படவில்லை. பேரை மட்டும் வைத்துக்கொண்டு சரக்கை மாற்றிவிட்ட தெரு.

ஆணியும் கயிறும் பக்கத்துச் சந்துகளிலேயே கிடைத்தன. காடாத்துணிக்குக் கோடவுன் தெரு. அங்கே முழு பேலாக வாங்குகிறவர்களுக்கு நடுவில் நின்று “நாலு மீட்டர்” என்று கேட்க ஒரு தைரியம் வேண்டும். ஒரு பெரியவர் சிரிக்காமல் கிழித்துக் கொடுத்தார், வாழ்க.

மேல் துணி என்ன போடுவது என்பதில் எனக்கும் மதினிக்கும் நேற்றிரவு சண்டை. அவருக்கு வெல்வெட். பெரியமேட்டில் நல்ல தோல் கிடைக்கும் என்றார் அத்தான். நான் எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸுக்குப் போய் ஒரு பவானி ஜமக்காளம் வாங்கி வந்தேன். சிவப்பும் நீலமும் பட்டை பட்டையாக. கல்யாண வீட்டில் நூறு பேர் உட்கார்ந்து எழுந்தாலும் தாங்குகிற துணி ஒரு நாற்காலியைத் தாங்காதா? பாய் அதை இரண்டு விரலால் மடித்துப் பார்த்து, “மூலையில மடிப்பு தடியா வருமே... சரி, பாத்துக்கலாம்” என்றார். ஈரமான வெள்ளைத் துணியை வைத்துச் சிவப்பின் மேல் தேய்த்தார். சாயம் வரவில்லை.

இலவம் பஞ்சு போட்டால் இன்னும் மெத்தென்று இருக்குமா என்று கேட்டேன். போடிநாயக்கனூர்ப் பஞ்சுத் தலையணையில்தான் நாங்கள் எல்லாம் வளர்ந்தோம். “தலைக்கு சரி சார். உட்கார்ந்தா ஆறு மாசத்துல துவண்டுரும். எடை தாங்கணும்னா நாருதான்.”

நாள் 4, செவ்வாய்

இன்று என் தவறு.

பாலிஷ் போட ஓர் அண்ணன் வந்தார். பிரம்பு பின்னுவதற்கும் துணி அடிப்பதற்கும் முன்னால் மர வேலையும் பாலிஷும் முடிந்துவிட வேண்டும். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு நாற்காலிக் காலின் உள்பக்கம் வைத்தார். பிசுபிசுவென்று ஒட்டியது. “அரக்குதான். சுரண்ட வேணாம்.” பழைய அரக்குப் பூச்சு ஸ்பிரிட்டில் கரையும். எனவே அழுக்கை எடுத்துவிட்டு அதன் மேலேயே புதிதாகப் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். நவீன வார்னிஷ் என்றால் இந்தச் சலுகை கிடையாது, மரம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியதுதான்.

அவலரக்கு பார்த்திருக்கிறீர்களா? பெயருக்கேற்ற மாதிரி அவல்தான், தேன் நிறத்தில். ராத்திரியே ஸ்பிரிட்டில் ஊறப்போட்டிருந்தார். இது அரக்குப்பூச்சி மரக்கிளையில் கக்கி வைக்கிற பிசின். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் எடுக்கிறார்கள். அந்தப் பூச்சி விரும்பி வாழும் மரங்களில் ஒன்று புரசு. புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே புரசு. கங்காதரேசுவரர் கோயிலின் தல மரம். அத்தை வாராவாரம் சுற்றி வந்த மரத்தின் சொந்தக்காரப் பூச்சிதான் அவள் வீட்டு நாற்காலிக்குப் பளபளப்பைக் கொடுத்திருக்கிறது. இதை அத்தையிடம் சொல்லியிருந்தால், “பூச்சி கக்கினதா? கருமம்” என்று நாற்காலியைக் கழுவி வைத்திருப்பாள்.

பஞ்சை ஒரு பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அரக்கில் நனைத்து, ஒட்டாமல் ஓட ஒரு சொட்டு ஆளி விதை எண்ணெய் தொட்டு, மரத்தின் மேல் எட்டு எட்டாக ஓட்டுகிறார். லைசென்ஸ் எடுக்கப் போடும் எட்டுதான். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் துணி ஒட்டித் தடம் விழும். இறங்கும்போதும் விமானம் மாதிரி சாய்வாகத்தான் இறங்க வேண்டும். ஒரு கை ஓட்டி, காயவிட்டு, மறுபடி. மதியம்வரை ஏழெட்டு முறை ஓட்டியிருப்பார்.

நான்கு மணிக்கு மேற்கே கறுத்தது. ஆடி மாத மழை. “இன்னிக்குப் போதும் சார், காத்து ஈரமாயிடுச்சு” என்றார். நான்தான், எட்டு நாளில் பாதி போய்விட்டதே என்ற பதற்றத்தில், “இன்னும் ஒரே ஒரு கை ஓட்டிருங்கண்ணே, நாளைக்குப் பின்னல் ஆரம்பிக்கணும்” என்று நச்சரித்தேன். வாடிக்கையாளர் சொல்கிறார் என்று அவரும் போட்டார். அரை மணியில் முதுகுப் பட்டை முழுக்கப் பனி மூடின கண்ணாடி மாதிரி வெளுத்துவிட்டது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரத்தை உள்ளே பிடித்துக்கொள்கிறதாம்.

“பூத்துப் போச்சு” என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நாள் 5, புதன்

காலை வெயில் நன்றாக ஏறியதும் அண்ணன் வந்து, துணியில் ஸ்பிரிட்டை நனைத்தும் நனைக்காததுமாக எடுத்து, வெளுத்த இடத்தில் மேலாக ஓர் இழுப்பு. பனி விலகின மாதிரி மரம் தெரிந்தது. என் முகத்தையும் பார்த்திருக்கிறார். “இதெல்லாம் போயிடும் சார். அரக்குல செஞ்ச தப்ப அரக்குலயே சரி பண்ணிக்கலாம்.” மதியம் தொட்டால் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்துவிட்டது.

அப்புறம் பிரம்பு. பாய் சொல்லி அனுப்பியிருந்த ஐயா மூன்று மணிக்கு வந்தார். பேரன் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். ஐயாவுக்குப் பார்வை இல்லை. பார்வையற்றோர் பள்ளியில் படித்தபோது கற்ற தொழில். அரசு அலுவலகங்களில் பார்வையற்றோருக்கென்று ஒதுக்கிய வேலைகளில் இதுவும் ஒன்று. நாற்காலியெல்லாம் முதலில் பிரம்பிலிருந்து பிளாஸ்டிக் ஒயருக்குப் போய், பிறகு சுழல் நாற்காலிக்குப் போனதில் வேலை குறைந்துவிட்டது என்றார், சாதாரணமாக.

சட்டத்தைச் சுற்றியிருக்கும் துளைகளை விரலால் எண்ணினார். முன்பக்கம் இருபத்தைந்து, பின்பக்கம் இருபத்தொன்று. இருக்கை முன்னால் அகலம், பின்னால் குறுகல். நடுத் துளையைக் கண்டுபிடித்து அங்கிருந்து இரண்டு பக்கமும் போக வேண்டும். ஓரத்தில் மிச்சமிருக்கும் இழைகளைப் பின் மூலையில் கொண்டுபோய்க் குவிக்காமல், பக்கச் சட்டத்தின் துளைகளில் முடிக்க வேண்டும். இல்லையென்றால் இழைகள் நேராக இராமல் விசிறி மாதிரி ஆகிவிடும்.

பின்னுவது பிரம்பின் தோல். பிரம்பு புல் இல்லை, மூங்கில் மாதிரி உள்ளே பொள்ளலும் இல்லை. முள்ளோடு மரங்களைப் பற்றி ஏறுகிற பனைக் குடும்பத்துக் கொடி. சில வகை 100 மீட்டருக்கு மேலும் போகும். அதன் தோலைச் சீவி எடுத்த நாடா ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் சொரசொரப்பு. வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறினால் போதும், வளையும். ரொம்ப ஊறினால் நிறம் கறுக்கும்.

ஏழு நடை. முதலில் பின்னிருந்து முன், அதன் மேல் பக்கத்திலிருந்து பக்கம், மறுபடி பின்னிருந்து முன். இதுவரை பின்னல் இல்லை, ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதுதான். நாலாவது நடையில்தான் மேல் கீழ் என்று கோத்துப் பின்னத் தொடங்குகிறார். ஐந்தும் ஆறும் மூலைவிட்டம். ஏழாவது, துளைகளை மூடுகிற ஓரக்கட்டு. ஒவ்வொரு இழையையும் துளையில் இறுக்கிப் பிடிக்க மூங்கில் ஆப்பு. இன்று மூன்று நடை முடிந்தது. இடையிடையே நகத்தால் இழையைச் சுண்டிக் கேட்டுக்கொண்டார். தம்புரா சுருதி பார்ப்பது மாதிரி. ஆனால் ஈரத்தில் ரொம்ப இறுக்கக் கூடாதாம், காய்ந்ததும் தானே இறுகும், அதற்கு இடம் விட வேண்டும்.

நாள் 6, வியாழன்

இதுவரை எழுதியதில் இதுதான் நீளமான நாள், ஆனால் இரவு பன்னிரண்டாகிவிட்டது.

காலையில் ஐயா நாலாவது நடையை முடித்ததும், ஐந்தாவதில் ஒரு பத்து இழை நான் போட்டுப் பார்க்கவா என்று கேட்டேன். “போடுங்க தம்பி” என்று தள்ளி உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டார். மூன்றாவது இழை போய்க்கொண்டிருக்கும்போது, திரும்பாமலே, “கீழ போக வேண்டியது மேல போகுது” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும்?

“கரகரங்குதே.”

மூலைவிட்ட இழை நெடுக்கு இழைகளுக்கு மேலேயும் குறுக்கு இழைகளுக்குக் கீழேயும் சரியாகப் போனால், வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். மாறிப் போனால் விளிம்பில் உரசும். உரசும் நாற்காலி நாலு வருடத்தில் அந்த இடத்திலேயே அறும். பிரித்துத் திருப்பிப் போட்டேன். சத்தமே வரவில்லை. எதிர்த்திசையில் போகும் ஆறாவது நடைக்கு இதற்கு நேர் தலைகீழ். அதை நான் தொடவில்லை.

வேலை முடிவதற்குள் அத்தானும் மதினியும் பட்டறைக்கே வந்துவிட்டார்கள். பேச்சு மூட்டைப்பூச்சிக்குப் போனது. பிரம்பு நாற்காலி வைத்திருந்த எல்லா வீட்டுக்கும் அது பொதுச் சொத்து. துளைகளுக்குள் குடியிருந்துவிட்டு, விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் வெளியே வரும். அத்தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை முற்றத்தில் கவிழ்த்துப் போட்டு, அண்டா நிறைய வெந்நீரை அடிப்பக்கம் ஊற்றி, வெயிலில் காயவைப்பாள். “அம்மா கை வலிக்க வலிக்க ஊத்துவா. நாங்க பூச்சிய எண்ணுவோம்” என்றார் அத்தான்.

ஐயா கையை நிறுத்தினார். “அதான் உங்க நாற்காலி இவ்வளவு நாள் தாங்கியிருக்கு.”

வழவழப்பான மேல்பக்கம் தண்ணீர் குடிக்காது. சொரசொரப்பான அடிப்பக்கம் குடிக்கும். வெந்நீர் பட்டால் தொய்ந்த பிரம்பு ஊறி, காயும்போது சுருங்கி மறுபடி விறைப்பாகும். இழை அறாதவரை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். இதைத்தான் எல்லோருக்கும் சொல்வாராம், யாரும் செய்வதில்லை. அத்தை யாரும் சொல்லாமலே மாதாமாதம் செய்திருக்கிறாள், பூச்சியைக் கொல்வதாக நினைத்துக்கொண்டு. எப்போது நிறுத்தினாள் என்று அத்தானிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “மருந்து அடிக்கிற ஆள் வந்தப்புறம். எண்பத்தஞ்சு, எண்பத்தாறு இருக்கும்.” ஓட்டை விழுந்தது தொண்ணூறுகளில் என்று மதினிக்கு ஞாபகம்.

மதியத்துக்கு மேல் பாய் பக்கம். புதுச் சணல் பட்டைகள் நேற்றே ஏறிவிட்டன. கட்டையால் நெம்பி இழுத்து, தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் வரும்வரை. ஸ்பிரிங் ஒன்பதையும் கோணி ஊசியால் பட்டையோடு தைத்தார். இனிமேல்தான் அசல் வேலை. எல்லா ஸ்பிரிங்கையும் கொஞ்சம் அமுக்கிய நிலையில், முன்பின், பக்கவாட்டு, இரண்டு மூலைவிட்டம் என்று கயிறு போட்டு, கயிறு கம்பியைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் முடிச்சு. எட்டுத் திசையிலும் கட்டு விழுவதால் ஸ்பிரிங் மேலும் கீழும் மட்டும்தான் போகும், சாயாது. ஒவ்வொன்றும் தனித்தனி முடிச்சு என்பதால் ஓரிடத்தில் கயிறு அறுந்தாலும் மற்றவை பிடிக்கும். வாயில் ஒரு கை ஆணி. நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, காந்தச் சுத்தியலின் முனையில் எடுத்து, அடி. பேச முடியாது. ஒன்றரை மணி நேரம் பாய் பேசவே இல்லை.

பழைய நாரைக் காலையிலிருந்து வெயிலில் போட்டிருந்தார். மதினி, சும்மா இருக்க முடியாமல், அதைக் கோதிக் கோதி உதிர்த்துவிட்டார். தட்டையாய்க் கிடந்தது மூன்று மடங்கு ஆகிவிட்டது. புதிதாக ஒரு கைப்பிடி நார்கூடச் சேர்க்கவில்லை. சாக்குப் போட்டு, மேலே நார், அதன் மேல் சாக்கு. பிறகு நீள ஊசியால் ஓரம் தைப்பது. முதல் தையல் நாரை உள்ளிருந்து விளிம்புக்கு இழுக்கிறது, அடுத்த தையல் அதை ஒரு கெட்டியான உருளையாகக் கட்டுகிறது. அந்த உருளை இருந்தால் துணி மரத்தில் உரசிக் கிழியாது, உட்காருகிறவர் முன்னால் வழுக்கவும் மாட்டார். குதிரை முடியை அதன் மேல் பரப்பி, காடாவால் மூடியபோது மணி ஒன்பதரை.

நாள் 7, வெள்ளி

பட்டறை விடுமுறை. ஈசிச்சேர் மட்டும் பாக்கி. கித்தான் துணி ஒன்றே முக்கால் மீட்டர், இரண்டு முனையிலும் கம்பு நுழைய மடித்துத் தையல். தெருமுனைத் தையற்காரர் இரண்டு ஊசியை உடைத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்.

மேல் கம்பை உருவி வைத்துவிட்டு ஒளிந்துகொள்ளாத பிள்ளைகள் எந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள்? 1982-இல் மாமா விழுந்தார். செய்தது நான், அடி வாங்கியது அத்தான். இன்று புதுத் துணியில் உட்காரும் முன் அவர் தலைக்கு மேல் கையை நீட்டிக் கம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நாள் 8, சனி

ஜமக்காளம் ஏறியது. கோடுகள் முன்னிருந்து பின்னுக்கு நேராகப் போக வேண்டும் என்று பாய் நான்கு முறை அடித்து நான்கு முறை பிடுங்கினார். முதலில் எல்லா ஆணியையும் பாதிதான் அடிக்கிறார். இழுத்து, பார்த்து, பிடுங்கி, திரும்ப இழுத்து, எல்லாம் சரியான பிறகுதான் முழுசாக இறக்குகிறார். மூலையில் துணி அவர் சொன்ன மாதிரியே தடித்தது. உள்மடிப்பைக் கத்தரித்து, வெளிமடிப்பைச் சுத்தியலால் தட்டித் தட்டி அடக்கினார். அழகாக இருக்கிறதா என்றால், மதினி இன்னும் வெல்வெட் என்றுதான் சொல்கிறார்.

கூலியில் நான் பேரம் பேசவில்லை. ஐயாவின் இரண்டு நாள் கூலி, ஒரு டஜன் புது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கும் விலைக்குப் பக்கத்தில் வந்தது. பின்னலில் ஒரு நாள் முழுக்க யாரும் உட்காரக் கூடாது என்ற கட்டளையும் சேர்த்து.

சோபா நாற்காலியும் ஈசிச்சேரும் பார்சல் லாரியில் போகின்றன. பதிவு செய்கிற பையன் சாக்குக்கட்டுக்குள் எட்டிப் பார்த்து, “பழைய நாற்காலியா? மதிப்பு என்ன சார் போட?” என்றான். ஏதோ ஒரு எண் சொன்னேன். பிரம்பு நாற்காலியை லாரியில் போட மனசில்லை. யாராவது மேலே மூட்டையை வைத்துவிட்டால்? கையிலேயே தூக்கிக்கொண்டு எழும்பூருக்கு வந்துவிட்டேன். கை இல்லாத நாற்காலி, படுக்கைக்கு அடியில் எப்படியாவது சாய்த்துவிடலாம்.

வண்டி வர முக்கால் மணி நேரம் இருந்தது. நடைமேடைப் பெஞ்சுகள் எல்லாம் நிரம்பியிருந்தன. என் பக்கத்தில் ஒரு பாட்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நின்ற நிலையிலேயே கால் மாற்றி மாற்றி நின்றார். இரண்டு மூன்று முறை நாற்காலியைப் பார்த்தார். கடைசியில் கேட்டேவிட்டார்.

“தம்பி, அதுல யாரும் உக்காரலையா?”

ஐயா சொன்ன ஒரு நாள் கணக்கை மனசுக்குள் எண்ணினேன், பின்னல் வியாழன் சாயங்காலமே முடிந்தது, போதும், தாங்கும். சாக்கைப் பிரித்து நாற்காலியைப் போட்டேன். பாட்டி குனிந்து, பின்னலை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, பிறகு விரலை வளைத்து அடியில் விட்டு, ஓரத்துத் துளைகளைச் சுற்றித் துழாவினார்.

“மூட்டைப்பூச்சி இல்லையே?”